இரு கதவுகளும் ஒரு கண்ணும்

தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளைக் கண்டவர்களுக்கு ரேழி என்றால் இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. திண்ணையைத் தாண்டித் தெருக்கதவினுள் நுழைந்தவுடன் நேரே முற்றத்துக்குப் போய்விட முடியாது. இடையே குறுகிய, சற்றே இருண்ட ஒரு நடை இருக்கும். அதன் மறுகோடியில் இன்னொரு நிலை, இன்னொரு கதவு. வந்தவர் அந்த நடையைக் கடப்பதற்குள், உள்ளே அமர்ந்திருக்கும் பாட்டியம்மாள் காலடி ஓசையைக் கேட்டு, "யார் அது?" என்று குரல் கொடுத்துவிடுவார். வருவது ஒருவரா இருவரா என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தவர் என்றால் உள்ளே வரலாம். இல்லையென்றால் திண்ணையோடு சரி.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த ரேழியும் அந்தப் பாட்டியம்மாளுமே. ரேழியை இப்போது எஃகாலும் கண்ணாடியாலும் கட்டுகிறார்கள். பாட்டியம்மாள் இருந்த இடத்தில் காமிராவையும் கணிப்பொறியையும் வைக்கிறார்கள். இந்த மாற்றத்தில் எது எளிது, எது கடினம், எங்கே தவறு நேரும் என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வோம். இதனைக் காவல் நடை என்றே அழைப்போம்.

நம் ஆராய்ச்சிக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. புனே நகருக்குத் தென்மேற்கே, முத்தா ஆற்றின் கரையில், கடக்வாஸ்லா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே ஓர் ஏரி. அதனருகே, முப்படைகளுக்கும் அதிகாரிகளாகப் போகும் இளைஞர்கள் ஒருங்கே பயிலும் தேசியப் பாதுகாப்புக் கழகம். 1949-ஆம் ஆண்டு அக்டோபரில் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1955 ஜனவரியில் திறக்கப்பெற்ற நிலையம் அது. அதே ஊரில், 1916-இல் தொடங்கப்பெற்ற மத்திய நீர், மின்விசை ஆராய்ச்சி நிலையமும் உள்ளது. இத்தகைய நிலையங்களின் வாயில்களில் என்ன காவல் முறை இருக்கிறது என்பதை நாம் அறியவும் வேண்டியதில்லை, பேசவும் தகாது. ஆனால் காவல் நடை அமைப்பவர்கள் கற்றுக்கொள்ளத்தக்க பாடங்கள், எவரும் சென்று காணக்கூடிய வெளியிலேயே அவ்வூரைச் சுற்றிக் கிடக்கின்றன.

ஏரிக்கரையில் நின்று தெற்கே பார்த்தால் மேகத்தோடு மேகமாக ஒரு மலை தெரியும். அதன் மேல் இருப்பது சிங்ககட் கோட்டை. முன்னாளில் அதற்குக் கொண்டாணா என்று பெயர். புனேயிலிருந்து ஏறுபவர்கள் புனே வாயில் வழியாகக் கோட்டைக்குள் நுழைகிறார்கள். அவ்வாயில் ஒரே வாயிலன்று. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வாயில்கள். முதல் வாயிலை உடைத்து உள்ளே வந்த பகைவன் வெற்றி பெற்றவனாக நிற்பதில்லை. இரண்டாவது வாயிலுக்கு முன்னே, மேலிருந்து காவலர் காணும் குறுகிய இடத்தில் அகப்பட்டவனாக நிற்கிறான். இரு கதவுகளுக்கு நடுவே உள்ள வெளிதான் இந்த அமைப்பின் உயிர். கதவு தடுக்கிறது, நடுவெளி, வந்தவனைக் காட்டிக் கொடுக்கிறது.

அக்கோட்டை இன்னொரு பாடமும் சொல்கிறது. 1670 பிப்ரவரியில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே அதனைப் பிடித்தபோது, அந்த மூன்று வாயில்களின் பக்கமே அவர் போகவில்லை. ஏற முடியாது என்று காவலர் நம்பியிருந்த செங்குத்தான பாறையில் இரவோடு இரவாகக் கயிறு கட்டி ஏறினார். ஓர் உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே விட்டார்கள் என்பது மக்கள் வழங்கும் கதை. அந்தப் போரில் தானாஜி உயிர் துறந்தார். கோட்டை கைக்கு வந்தது. வாயிலைப் பலப்படுத்துவதிலேயே கருத்தாயிருந்து பாறையை மறந்துவிடுவது இன்றும் நடக்கிறது. அதை நாங்களே கண்டிருக்கிறோம், பிறகு சொல்கிறோம்.

இரட்டைக் கதவின் விதி மிகச் சுருக்கமானது. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கலாகாது. சென்னையிலிருந்து படகுகள் சென்ற பக்கிங்காம் கால்வாயில், நீர்மட்டம் மாறும் இடங்களில் இவ்வகைப் பூட்டுவாயில்கள் இருந்தன. படகு உள்ளே வந்ததும் பின்கதவு சாத்தப்படும். நீர்மட்டம் சமமான பின்னரே முன்கதவு திறக்கும். சிறைச்சாலை வாயில்களிலும் வெளிக்கதவு சாத்தியிருந்தால்தான் உட்கதவு திறக்கப்படும். மருந்துத் தொழிற்சாலைகளில் தூசி உள்ளே வராதிருக்க அமைக்கும் நடைகளிலும் அதே விதி. இதற்கெல்லாம் பெரிய அறிவு தேவையில்லை. ஒரு கதவின் தாழ் விழுந்தாலன்றி மறு கதவின் தாழ் நீங்காதபடி கம்பி இணைத்தால் போதும்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. அலுவலக வாயில்களில் இப்போது அடையாள அட்டையைத் தொட்டால் கதவு திறக்கிறது. விரல் ரேகையைக் காட்டினாலும் திறக்கிறது. வந்தவர் இன்னார் என்பதை அந்த யந்திரம் சொல்லும். வந்தவர் எத்தனை பேர் என்பதை அது சொல்லாது. ஓர் அட்டையில் ஒருவர் நுழைகிறார்; அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு இன்னொருவரும் நுழைந்துவிடுகிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், இத்தவறுக்குத் துணை செய்வது பெரும்பாலும் நம் நற்பண்பே. பின்னால் ஒருவர் கைநிறையப் பொருளோடு வருகிறார் என்றால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் நமக்குத் தோன்றும். முகத்துக்கு எதிரே கதவைச் சாத்த மனம் வராது. கள்ளனுக்கு அதுவே திறவுகோல். எனவே, தடுக்கும் பொறுப்பை ஊழியரின் தாட்சணியத்திடம் விடாமல் நடையிடமே ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. நடைக்குள் நிற்பவர் ஒரே ஒருவர்தான் என்று தெரிந்த பின்னரே உட்கதவு திறக்கவேண்டும். அதற்கு எண்ணத் தெரிந்த ஒரு கண் வேண்டும்.

தரையைத் தராசாக்கி நிறுத்துப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் மெலிந்த இருவர் சேர்ந்தால் பருத்த ஒருவரின் எடைதான் வரும். தோளில் பெட்டியுடன் வருபவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆகவே தராசு தனியாக நின்று தீர்ப்புச் சொல்ல இயலாது; துணைச் சாட்சியாக வேண்டுமானால் இருக்கலாம்.

காமிரா எண்ணும் விதத்துக்கு வருவோம். மிக எளிய முறை இது. நடை வெறுமையாக இருக்கும்போது அதன் படத்தை யந்திரம் நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு ஒவ்வொரு கணமும் எடுக்கும் படத்திலிருந்து அந்த வெறும் படத்தைக் கழிக்கிறது. மாறாத தரையும் சுவரும் கழிந்துபோக, புதிதாக வந்தது மட்டும் ஒரு திட்டாக எஞ்சும். ஒரு திட்டு என்றால் ஒருவர், இரண்டு என்றால் இருவர். கேட்கும்போது நன்றாகவே இருக்கிறது. ஆனால் யந்திரத்துக்கு மனிதன் தெரிவதில்லை. ஒளியின் மாற்றம் மட்டுமே தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன், பெயர் சொல்ல வேண்டாத ஓர் அலுவலகத்தில் இத்தகைய நடை ஒன்றை அமைத்தபோது நாங்கள் உடனிருந்தோம். வெளிக்கதவு மேற்கு நோக்கிய முழுக் கண்ணாடி. தரையோ முகம் தெரியும்படி மெருகேற்றிய கருங்கல். காலையில் சோதித்தோம், யாவும் செவ்வையாக இருந்தன. பங்குனி மாதத்து மாலை வெயில் வந்தது. தேநீர்த் தட்டோடு நடைக்குள் வந்த முதிய கடைநிலை ஊழியர் ஒருவரின் நிழல், அவரைவிட நீளமாகத் தரையில் விழுந்தது. யந்திரம் இருவர் என்று தீர்மானித்தது. உட்கதவு திறக்கவில்லை. அமைத்தவர்களின் அவசரத்தால் வெளிக்கதவும் அந்நிலையில் பூட்டியே இருக்கும்படி செய்யப்பட்டிருந்தது. காவலர் வந்துதான் விடுவிக்கவேண்டும். அவரோ அவ்வேளையில் தேநீருக்குப் போயிருந்தார். கால்மணி நேரம் அந்தப் பெரியவர் இரு கண்ணாடிகளுக்கு நடுவே, உள்ளிருப்போரும் வெளியே செல்வோரும் வேடிக்கை பார்க்க, தட்டைப் பிடித்தபடி நின்றார். தேநீர் ஆறிவிட்டது, அவர் கோபம் ஆறவில்லை.

மறுநாள் முதல் அவர் அந்த நடைக்குள் கால் வைக்க மறுத்துவிட்டார். சரக்கு இறக்கும் பின்கதவு சாத்திக்கொள்ளாதபடி அதற்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து, அவ்வழியாகவே போக்குவரத்தை வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் பாதி அலுவலகம் அவரைப் பின்பற்றியது. பல லட்சம் ரூபாய்க் காவல் முன்வாயிலில் நின்றுகொண்டிருக்க, ஒரு செங்கல் அதனை வென்றுவிட்டது. கொண்டாணாப் பாறையை அன்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

தவறு யந்திரத்துடையது என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் தவறு கட்டடத்துடையது. கணிப்பொறியைத் திருத்துவதற்கு முன்னால் நடையைத் திருத்தவேண்டும். வெயில் நேரே உள்ளே விழாதபடி வெளியே ஒரு தாழ்வாரம் இருக்கவேண்டும். அல்லது கண்ணாடியின் கீழ்ப்பகுதி ஒளி ஊடுருவாததாக இருக்கவேண்டும். உள்ளே விளக்கு ஒரே புள்ளியிலிருந்து எரியாமல் கூரை முழுவதும் பரவி எரியவேண்டும். அப்போது நிழல் மெலிந்து போகும். தரை மினுங்கலாகாது. அதன் நிறத்தையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலிருந்து பார்க்கும் காமிராவுக்கு நாம் பெரும்பாலும் கருங்கூந்தலாகவே தென்படுகிறோம். கருந்தரையில் கருந்தலை கரைந்துவிடும். அதற்கென்று வெண்தரை இட்டால், மராட்டிய நாட்டில் இன்றும் பெரியவர்கள் அணியும் வெள்ளைக் குல்லாய் அதில் மறைந்துவிடும். தலைக்கும் குல்லாய்க்கும் வேறாக, இடைப்பட்ட நிறத்தில் சொரசொரப்பான விரிப்பு ஒன்று இருப்பதே நலம். காமிராவின் விலையோடு ஒப்பிட்டால் விரிப்பின் விலை ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு ஒப்பந்தப் புள்ளியில் இடம் இருப்பதில்லை!

கடக்வாஸ்லாப் பக்கத்தில் ஆனி பிறந்துவிட்டால் மழையைச் சொல்லி முடியாது. மழைக்காலம் காவல் நடைக்குப் பெரிய சோதனை. ஈரக் கால்தடங்கள் தரையின் நிறத்தை மாற்றுகின்றன; வெறுமையான நடையின் படம் என்று யந்திரம் வைத்திருந்தது பொய்யாகிவிடுகிறது. ஆதலின் நடை வெறுமையாகும் ஒவ்வொரு முறையும் அந்தப் படத்தைப் புதுப்பித்துக்கொள்ள அதற்குக் கற்பிக்கவேண்டும். அதிலும் பெரிய தொல்லை குடை. மேலிருந்து பார்த்தால் விரித்த குடை ஒரு கரிய வட்டம். அதன் கீழே ஒருவர் இருக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர்கூட நெருக்கிக்கொண்டு நிற்கலாம். உலகத்தின் மிகச் சிறந்த காமிராவும் துணியைத் துளைத்துப் பார்க்காது. இதற்கு மருந்து கணிப்பொறியில் இல்லை. முதற் கதவுக்கு வெளியே கூரையும் குடை வைக்கும் கூடையும் இருக்கவேண்டும், அவ்வளவே.

கூரை உயரத்தைப் பற்றியும் பலர் கணக்குத் தப்புகிறார்கள். காமிரா தரை முழுவதையும் காண்கிறது என்று கண்டு மகிழ்ந்துவிடுகிறார்கள். தரை தெரிந்து பயன் என்ன? தலை தெரியவேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காமிராவின் பார்வைக் கோணம் 90 பாகை என்று கொள்வோம். கூரை உயரம் 2.4 மீட்டர்; வருபவர் உயரம் 1.8 மீட்டர். தலைக்கும் காமிராவுக்கும் இடைவெளி 0.6 மீட்டர். அந்த உயரத்தில் காமிரா காணும் அகலம் இடைவெளியைப் போல் இருமடங்கு, அதாவது 1.2 மீட்டர். நடையின் நீளம் 2 மீட்டர் என்றால், சுவரோரம் ஒட்டி நிற்கும் நெட்டையான ஒருவரின் தலை பார்வைக்கு வெளியே போய்விடும். கூரையை 3 மீட்டராக உயர்த்தினால் தலைமட்டத்தில் 2.4 மீட்டர் தெரியும்; நடை முழுவதும் அடங்கிவிடும். கூரையை அரை மீட்டருக்குச் சற்று மேல் உயர்த்தியதற்குப் பார்வை இருமடங்காகிறது. கட்டடம் எழும்பிய பின் இதைக் கண்டுபிடித்தால் வருந்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நிழலின் தொல்லைக்கு முற்றான தீர்வு, நிறத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பார்ப்பதே. நிழலுக்கு உயரம் இல்லை, மனிதனுக்கு உண்டு. இதற்கு இரண்டு உபாயங்கள் இருக்கின்றன. ஒன்று நமக்கு இயற்கை அளித்தது. ஒரு விரலை முகத்துக்கு முன்னே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும்; தொலைவில் உள்ள சுவர் அவ்வளவு மாறாது. அருகில் உள்ளது அதிகம் நகரும், தொலைவில் உள்ளது குறைவாக நகரும். இரு காமிராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, இரு படங்களிலும் ஒரே புள்ளி எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்தால், அப்புள்ளியின் தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். தலை அருகில், தோள் சற்றுத் தள்ளி, தரை மிகத் தள்ளி என்று ஒரு மேடுபள்ளப் படம் கிடைக்கிறது. இரண்டு சிகரங்கள் தெரிந்தால் இரண்டு தலைகள்.

மற்றொன்று ஒளியையே அளவுகோலாக்குவது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கூரையிலிருந்து கீழே வீசி, அது பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கிறார்கள். ஒரு வினாடியை நூறு கோடிக் கூறாக்கினால், அதில் ஒரு கூற்றில் ஒளி 30 சென்டிமீட்டர் செல்லும். மூன்று மீட்டர் உயரக் கூரையிலிருந்து தரைக்குப் போய்வர அத்தகைய 20 கூறுகள், 1.2 மீட்டர் தொலைவிலுள்ள தலைக்குப் போய்வர 8 கூறுகளே. இத்தனை நுண்ணிய காலத்தை அளக்கும் சில்லுகள் இப்போது கைப்பேசிகள் சிலவற்றிலும் இருக்கின்றன. இம்முறைக்கு இருட்டும் ஒன்றுதான், பகலும் ஒன்றுதான். ஆனால் குறை இல்லாமல் இல்லை. மிகக் கருமையான பரப்பிலிருந்து ஒளி மெலிந்து திரும்புகிறது; நேர் வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால் வெயில் உள்ளே விழுந்தால் அளவு தடுமாறுகிறது. ஆகவே தாழ்வாரம் இங்கும் வேண்டியதே.

இவற்றோடு, படங்களைக் கண்டு தானே கற்றுக்கொள்ளும் யந்திரங்களும் சேர்ந்துகொண்டன. 2012-இல் டொராண்டோப் பல்கலைக்கழகத்தார் பட அடையாளப் போட்டி ஒன்றில் பெற்ற வெற்றிக்குப் பின் இத்துறை விரைந்து வளர்ந்தது. ஆயிரக்கணக்கான மனிதப் படங்களைக் காட்டி, இதுதான் தலை, இதுதான் தோள் என்று பழக்குகிறார்கள். ஆனால் எந்த ஊர்ப் படங்களைக் காட்டினார்கள் என்று கேட்கவேண்டும். தலைப்பாகை கட்டியவர், முந்தானையால் தலையை மூடியவர், தலைச்சுமையோடு வருபவர், இடுப்பில் குழந்தை வைத்திருப்பவர் ஆகியோரைக் காணாமலே பழகிய யந்திரத்தை நம் ஊர் வாயிலில் வைத்தால், அது அயலூரிலிருந்து வந்த புதுக் காவற்காரனைப்போல் விழிக்கத்தான் செய்யும்.

இனிக் கொஞ்சம் எண்கணிதம். விற்பவர்கள், "எங்கள் யந்திரம் நூற்றுக்கு 99 சரியாகச் சொல்லும்" என்பார்கள். கேட்பவருக்கு நிறைவாக இருக்கும். ஒரு வாயிலில் நாளொன்றுக்கு 1000 பேர் நுழைவதாக வைத்துக்கொள்வோம். நூற்றில் ஒருவரைத் தவறாக நிறுத்தினால் நாளுக்கு 10 பேர் நிற்கிறார்கள். மாதத்தில் 25 வேலை நாட்களுக்கு 250 பேர். மெய்யாகவே ஒட்டிக்கொண்டு நுழைபவன் மாதத்துக்கு ஒருவன் வருகிறான் என்றால், காவலர் 250 பொய் மணிகளைக் கேட்ட பின் ஒரு மெய் மணியைக் கேட்கிறார். "புலி வருகிறது" என்று கூவிய இடைச்சிறுவனின் கதைதான் இது. அந்த 251-ஆவது மணிக்கும் அவர் தலை நிமிராமலே பொத்தானை அழுத்திவிடுவார். நூற்றுக்கு 99 என்பது மனிதனைச் சோம்பலாக்கும் எண் என்றே நாங்கள் கருதுகிறோம்.

யந்திரத்தைச் சற்றுத் தாராளமாக்கினால் பொய் மணி குறையும். கூடவே தப்பிப்போகும் மெய்க் கள்ளனும் கூடுவான். எந்த அளவில் நிறுத்துவது என்பதைப் பொறியாளர் மட்டும் தீர்மானிக்கலாகாது. உள்ளே காக்கப்படும் பொருள் எது என்று அறிந்தவரே சொல்லவேண்டும். காகிதக் கிடங்குக்கும் நஞ்சு வைக்கும் அறைக்கும் ஒரே கண்டிப்பு இருக்க முடியாது. மணி அடிக்கும்போது காவலருக்கு வெறும் ஓசை மட்டும் போகாமல், மேடுபள்ளப் படமும் சேர்ந்து போகவேண்டும். பார்த்த மாத்திரத்தில் அவரே முடிவு செய்வார். கண்ணுக்கு வேலை இருந்தால் மனமும் விழித்திருக்கும்.

சக்கர நாற்காலியில் வருபவரைப் பற்றிப் பலர் எண்ணுவதே இல்லை. இரு கதவுகளுக்கும் குறைந்தது 900 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். நடைக்குள் 1500 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் இருக்கவேண்டும். நேரே போகிறவருக்கு வட்டம் எதற்கு என்று கேட்கலாம். உட்கதவு திறக்க மறுத்தால் அவர் திரும்பியாக வேண்டுமே! அன்றியும், நாற்காலியைத் தள்ளி வருபவர் உடன் இருப்பாரானால் யந்திரத்துக்கு அது இருவர். கைக்குழந்தையோடு வரும் தாயும் இருவர். இவர்களுக்குத் தனி வழி என்று சொல்லிப் பின்பக்கம் அனுப்புவது பண்பும் அன்று, காவலும் அன்று. இவ்வகை வருகையைக் காவலர் நேரில் கண்டு, தம் பெயரில் பதிவு செய்து, ஒரு முறைக்கு மட்டும் இருவரை அனுமதிக்கும் ஏற்பாடு முதல்நாளிலேயே இருக்கவேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமான கேள்வி ஒன்றை இதுவரை ஒத்திவைத்தோம். தீப் பிடித்தால் என்ன செய்வது? 1997 ஜூன் 13 அன்று டெல்லியில் உப்ஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டார்கள். பலரைக் கொன்றது நெருப்பன்று, புகை. மாடியில் வெளியேறும் வழி ஒன்றை அடைத்து இருக்கைகள் போட்டிருந்தார்கள். காவல் நடை என்பது இயல்பிலேயே மனிதரைத் தாமதிக்கச் செய்யும் பொருள் என்பதை அமைப்பவர் ஒரு கணமும் மறக்கலாகாது.

மின்காந்தப் பூட்டு ஒன்று 270 கிலோ எடைக்கு ஈடான இழுப்பையும் தாங்கும். ஆனால் மின்சாரம் நின்றால் பிடியை விட்டுவிடும். வேறு வகைத் தாழ்கள் மின்சாரம் நின்றாலும் பூட்டியே கிடக்கும். மனிதர் இருக்கும் இடத்திலிருந்து வெளியேறும் திசைக்கு முதல் வகையே ஏற்றது. நெருப்பு மணி அடித்தால், அல்லது சுவரிலுள்ள பச்சைப் பெட்டியின் கண்ணாடியை ஒருவர் அழுத்தினால், பூட்டுக்குப் போகும் மின்சாரமே நேராக அறுபடவேண்டும். கணிப்பொறியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு திறப்பதாக அது இருக்கலாகாது. கணிப்பொறி உறைந்து நிற்கும் நாளில்தான் தீயும் வரும். அப்படித் திறந்தால் கள்ளன் நுழைய மாட்டானா என்று கேட்பவர்கள் உண்டு. நுழையலாம். அதற்காகவே வெளியே காவலரும் சுற்றுச் சுவரும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பெட்டகத்தைப் பூட்டிக்கொள்ளுங்கள். ஆட்களைப் பூட்டாதீர்கள் என்பதே எங்கள் விடை.

கதவு எத்திசையில் திறப்பது என்பதிலும் ஒரு முரண் உண்டு. வெளியேறும் திசையிலேயே கதவு திறக்கவேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. அப்படியானால் உட்கதவு நடைக்குள்ளே வந்து திறக்கும், திறக்கும் கதவின் இலை காமிராவின் பார்வையைக் குறுக்கே வெட்டும், நிற்பவரையும் இடிக்கும். பக்கவாட்டில் நகரும் கதவு காமிராவுக்கு இனியது. ஆனால் கூட்டம் முட்டும்போது அது சிக்கிக்கொள்ளலாம். நெருக்கினால் இலையோடு வெளிப்புறம் மடிந்து திறக்கும் நகர்கதவுகள் கிடைக்கின்றன, விலை அதிகம். பணமில்லையென்றால் காவல் நடையை அன்றாட வாயிலாக மட்டும் கொண்டு, உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் அவசர வாயில் ஒன்றை அருகிலேயே தனியாக அமைத்து, அதற்கு ஒரு மணியும் கட்டிவிடவேண்டும். செங்கல் வைத்தால் அந்த மணி காட்டிக்கொடுக்கும்.

மின்சாரமே இல்லாத நாளையும் எண்ணிப் பார்ப்பது நன்று. 1961 ஜூலை 12 அன்று, கடக்வாஸ்லாவுக்கு மேலே இருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வெள்ளம் கடக்வாஸ்லாவின் பழைய கல்லணையையும் உடைத்துக்கொண்டு புனேயின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. அத்தகைய நாளில் எந்தக் கதவு திறந்து நிற்கும், எது மூடி நிற்கும், எதனைக் கையால் சுழற்றித் திறக்கலாம் என்பது ஒரு தாளில் எழுதிக் காவலர் அறையில் ஒட்டியிருக்கவேண்டும். அந்த ஒரு தாளை எழுத உட்கார்ந்தால், வரைபடத்தில் உள்ள பாதிக் குற்றங்கள் தாமே வெளிப்படும்.

தனிமனிதர் உரிமையைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட ஆயம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. விமான நிலையங்களில் 2022 டிசம்பரில் தொடங்கிய டிஜியாத்திரா ஏற்பாடு பயணியின் முகத்தைப் பார்த்து வழி விடுகிறது, அங்கே கேள்வி, "நீ யார்?" என்பது. காவல் நடையின் காமிராவுக்கு அந்தக் கேள்வியே இல்லை. அதனை அட்டை பார்த்துக்கொள்கிறது. எத்தனை பேர் என்பதற்கு மேடுபள்ளப் படம் போதும். அதில் முகம் இராது. ஒன்று அல்லது இரண்டு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு படத்தை அப்போதே அழித்துவிடலாம். தேவையில்லாத முகங்களைச் சேர்த்து வைப்பவர், பிறகு அவற்றையும் காக்கவேண்டிய புதிய பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

கடக்வாஸ்லாவின் நீராராய்ச்சி நிலையத்தில் பொறியாளர்கள் கையாளும் முறை நமக்குப் பெரிதும் உதவும். ஓர் அணையையோ துறைமுகத்தையோ கட்டுவதற்கு முன்னர், அதன் ஆற்றையும் கரையையும் சிறு உருவில் தரையில் அமைத்து, நீரை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். எங்கே மணல் படியும், எங்கே கரை அரிக்கும் என்பதை அந்த மாதிரியே காட்டிவிடுகிறது. காவல் நடைக்கும் இதனைச் செய்யலாம். மனிதனைச் சிறிதாக்க முடியாதாகையால் மாதிரி முழு அளவில் இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. மரச்சட்டமும் ஒட்டுப்பலகையும் கொண்டு சில நாட்களில் எழுப்பிவிடலாம். அதன் மேல் காமிராவைத் தொங்கவிட்டு, ஊழியர்களையே காலையிலும் நண்பகலிலும் மாலை வெயிலிலும் நடக்கச் சொல்லவேண்டும். பெட்டியோடு வரட்டும், மழைச்சட்டையோடு வரட்டும், இருவர் கட்டித் தழுவிக்கொண்டு வரட்டும், ஒருவர் முதுகில் ஒருவர் ஏறிக்கொண்டும் வரட்டும். ஏமாற்றிக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தால், பொறியாளருக்குத் தோன்றாத உபாயங்கள் அலுவலகத்து இளைஞர்களுக்குத் தோன்றும்.

நாங்கள் முன்பு சொன்ன அலுவலகத்தில் இரண்டாம் முறை அப்படித்தான் செய்தார்கள். ஒட்டுப்பலகை நடைக்குள் முதலில் நடக்க அழைக்கப்பட்டவர் அந்தத் தேநீர்ப் பெரியவரே. அவர் மூன்று குறைகள் சொன்னார். நின்றால் ஏன் நிற்கிறோம் என்று சொல்ல ஒரு குரல் வேண்டும். இரு கையும் தட்டில் இருக்கும்போது அழுத்த முழங்கையளவில் ஒரு பொத்தான் வேண்டும். எப்போதும் வந்த வழியே திரும்பிப் போக விடவேண்டும். மூன்றும் வரைபடத்தில் ஏறின. இருவர் என்று யந்திரம் கருதினால் உட்கதவு மூடியே இருக்கும். வெளிக்கதவு உடனே திறக்கும். "ஒருவர் ஒருவராக வாருங்கள்" என்று மராட்டியிலும் இந்தியிலும் ஒரு குரல் சொல்லும். மேற்கே ஒரு தாழ்வாரம் இறக்கினார்கள். கருங்கல்லின் மேல் சாம்பல் பச்சை விரிப்பு வந்தது. அடுத்த பங்குனியில், மாலை நாலரை மணிக்கு, அவர் தட்டோடு நடைக்குள் போனார். நாங்கள் மறுபக்கம் நின்றிருந்தோம். உட்கதவு திறந்தது. எங்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனவர், திரும்பி வருகையில் அந்தச் செங்கல்லைக் கையில் எடுத்து வந்து, குடைக்கூடை காற்றில் சாயாதிருக்க அதன் அடியில் வைத்தார்.